எஞ்சின் எண்ணெயின் இரத்தப் பரிசோதனை

காய்ச்சல் ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவர் என்ன செய்கிறார்? ஊசி முனையால் சிறிது இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். உடலைக் கிழித்துப் பார்க்காமலே உள்ளே நடப்பதை அந்தச் சில துளிகள் சொல்லிவிடுகின்றன. மனிதன் செய்த இயந்திரத்திற்கும் இத்தகைய இரத்தம் ஒன்று உண்டு. அதுதான் எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெய். அதை எடுத்துச் சோதித்து, "இந்த எஞ்சினில் இன்ன பாகம் தேய்கிறது" என்று சொல்ல முடியும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இது ஆண்பிள்ளைகளுக்கு உரிய பாடம் என்று எங்கள் தோழியர் சிலர் முகம் சுளித்தார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எங்கள் வகுப்பில் சிலரின் தந்தையர் விசைப்படகில் கடலுக்குச் செல்கிறவர்கள். ஒருத்தியின் தந்தை வாடகைக் கார் ஓட்டுகிறார். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்து, "இது சாதா, இது உயர்ரகம்" என்கிறார். இரண்டாவதன் விலை முதலாவதைப் போல் இரண்டு மடங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல். எதை வாங்குவது? கொடுக்கும் அதிகப் பணத்திற்கு எஞ்சின் உண்மையாகவே நன்மை பெறுகிறதா, அல்லது டப்பாவின் தங்க நிறத்திற்குத்தான் அந்த விலையா? இக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு போடாவிட்டால் அது கிறீச்சிட்டுக் கத்தும், அச்சும் தேயும். எஞ்சினுக்குள்ளும் இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உராயாதபடி எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று காக்கிறது. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. வெப்பத்தை எடுத்துச் செல்ல வேண்டும்; எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியைக் கட்டியாகப் படியவிடாமல் தன்னோடு சுமக்க வேண்டும்; உண்டாகும் அமிலங்களை முறிக்க வேண்டும். இதற்காகவே கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் காரச் சேர்மங்களை எண்ணெயில் கலக்கிறார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று வேதியியலில் படித்தோமே, அதே பாடம்தான். தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மம் ஒன்றையும் கலக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. கரியைத் தன்னோடு சுமப்பதால்தான் அது கறுக்கிறது. டீசல் எஞ்சினில் ஊற்றிய புது எண்ணெய் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே கறுத்துவிடும். துணி துவைத்த தண்ணீர் அழுக்கானால் சோப்பு வேலை செய்கிறது என்றுதானே பொருள்? விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து "ஆயில் போச்சு" என்று சொல்லும் மெக்கானிக்கின் அனுபவத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் பத்து இலட்சத்தில் இருபது பங்கு இரும்பு இருப்பதை எந்த விரலாலும் அறிய இயலாது.

அதை அறிவது எப்படி? அடுப்பின் நீலச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாகப் பளிச்சிடும். அது சோடியத்தின் அடையாளம். ஒவ்வொரு தனிமமும் மிகுந்த வெப்பத்தில் தனக்கே உரிய நிறங்களில் ஒளி விடுகிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பன்சன், கிர்க்காஃப் என்ற இரு அறிஞர்கள் இதைக் கொண்டே 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் உள்ள பன்சன் அடுப்புக்குப் பெயர் தந்தவர் அவரேதான். இன்றைய ஆய்வுக்கூடங்களில் சுடருக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை மின்னாற்றலால் பிளாஸ்மா நிலைக்குக் கொண்டுவந்து அதில் எண்ணெயைத் தெளிக்கிறார்கள். அங்குள்ள வெப்பம் சூரியனின் மேற்பரப்பைவிடவும் அதிகம். எண்ணெயில் உள்ள உலோகங்கள் ஒளிர்கின்றன. அந்த ஒளியைப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு என்று கருவி அளக்கிறது. சில நிமிடங்களில் இருபதுக்கு மேற்பட்ட தனிமங்களின் அளவு ஒரு தாளில் வந்துவிடும்.

அந்த அளவுகள் எவ்வளவு நுட்பமானவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு காரில் மூன்றரை லிட்டர் எண்ணெய். அதன் எடை ஏறக்குறைய 3 கிலோ. அறிக்கையில் இரும்பு பத்து இலட்சத்தில் 20 பங்கு என்று இருந்தால், மொத்த எண்ணெயிலும் உள்ள இரும்பு 60 மில்லிகிராம். ஏறத்தாழ மூன்று அரிசியின் எடை! ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் அவ்வளவுதான் தேய்ந்திருக்கிறது.

எந்த உலோகம் என்பதைக் கொண்டு எந்தப் பாகம் என்று ஊகிப்பதுதான் இக்கலையின் சுவையான பகுதி. இரும்பு பெரும்பாலும் சிலிண்டர் சுவரிலிருந்தும் கிராங்க் தண்டிலிருந்தும் வரும். அலுமினியம் என்றால் பிஸ்டன். குரோமியம் என்றால் பிஸ்டன் வளையம். ஈயமும் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து ஏறினால் பேரிங் தேய்கிறது என்று பொருள். சிலிக்கான் என்றால் மணலும் தூசியும். காற்று வடிகட்டி கிழிந்திருக்கும், அல்லது அதன் குழாயில் எங்கோ விரிசல் இருக்கும். சிலிக்கானோடு இரும்பும் அலுமினியமும் கூடவே ஏறியிருந்தால், உள்ளே போன தூசி உப்புத்தாள் போல் எஞ்சினைத் தேய்க்கத் தொடங்கிவிட்டது எனலாம். சோடியம் ஏறினால் குளிரூட்டும் நீர் எண்ணெயில் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கடலில் ஓடும் படகென்றால் சோடியத்தோடு மக்னீசியமும் சேர்ந்து ஏறும், ஏனெனில் கடல்நீரில் இரண்டுமே உண்டு.

இதோடு எண்ணெயின் பாகுநிலையையும் அளக்கிறார்கள். தேன் மெதுவாக வழிகிறது, தண்ணீர் விரைந்து ஓடுகிறது. அந்த வேறுபாடே பாகுநிலை. எண்ணெயைச் சரியாக 100 டிகிரி செல்சியசில் வைத்து அளப்பது வழக்கம். டப்பாவில் 40 என்று போட்டிருந்தால் அந்த வெப்பத்தில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் எரிபொருள் கலந்திருக்கலாம். கூடினால் கரி சேர்ந்தோ வெப்பத்தில் சிதைந்தோ கெட்டியாகியிருக்கலாம். எண்ணெயில் அமிலத்தை முறிக்கும் சக்தி இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதையும் அளப்பார்கள். அது தீர்ந்துபோனால் எண்ணெய் உண்மையில் கெட்டுவிட்டது. பாகுநிலை போதுமானதாக இருந்து, அமிலத்தை முறிக்கும் சக்தியும் மிச்சமிருந்து, நீரோ தூசியோ எரிபொருளோ கலக்காமலும் இருந்தால், கறுப்பாக இருப்பினும் அது நல்ல எண்ணெயே.

இச்சோதனை கார்களுக்காகத் தோன்றியதன்று, இரயில் வண்டிகளுக்காகத் தோன்றியது. அமெரிக்காவில் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் என்ற இரயில்வே நிறுவனம் 1940-களில் தன் டீசல் எஞ்சின்களின் எண்ணெயை நிறமாலைக் கருவியில் சோதித்து, பழுதாகப்போகும் எஞ்சினை முன்னரே அடையாளம் கண்டது. 1950-களில் அமெரிக்கக் கடற்படை தன் விமான எஞ்சின்களுக்கு இம்முறையை மேற்கொண்டது. நம் இந்திய இரயில்வேயின் டீசல் பணிமனைகளிலும் இதற்கென ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. ஓர் இரயில் எஞ்சினில் பல நூறு லிட்டர் எண்ணெய் இருக்கிறது. அதைத் தேதி பார்த்து மாற்றுவதைவிடச் சோதித்துப் பார்த்து மாற்றுவது எத்தனை சிக்கனம்! நடுவழியில் நின்றுபோகாமல் இருப்பதோ அதைவிடப் பெரிய இலாபம்.

அந்த இரயில் எஞ்சின்களைப் பற்றிப் படிக்கும்போது கிடைத்த செய்தி ஒன்று எங்களை நெடுநேரம் பேச வைத்தது. அமெரிக்காவின் எலக்ட்ரோ மோட்டிவ் நிறுவனம் செய்த டீசல் எஞ்சின் வகைகளில் பிஸ்டனைத் தாங்கும் முள்ளின் பேரிங்குகளில் வெள்ளியைப் பயன்படுத்தினார்கள். நாம் காரின் எண்ணெயில் "தேய்மானம் தடுப்பது" என்று புகழ்ந்து கலக்கும் துத்தநாகச் சேர்மம் அந்த வெள்ளியைக் கெடுத்துவிடும்! ஆகவே அவற்றிற்குத் துத்தநாகமே இல்லாத எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். காருக்கு மருந்தாக இருப்பது அந்த எஞ்சினுக்கு நஞ்சு. எது உயர்ந்த எண்ணெய் என்று பொதுவாகக் கேட்பதே தவறான கேள்வி, எந்த எஞ்சினுக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இன்னொரு எடுத்துக்காட்டு நம் தெருவிலேயே உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் நனைந்து சுழல்கிறது. வழுக்கும் தன்மை மிகுந்த விலையுயர்ந்த கார் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

இனி உயர்ரக எண்ணெய் என்பது என்ன என்று பார்ப்போம். சாதாரண எண்ணெய் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்யப்படுவது. அதில் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். செயற்கை எண்ணெயில் ஒரே மாதிரியான மூலக்கூறுகளைத் தேர்ந்து உருவாக்குகிறார்கள். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்து பாட்டிலை விட்டு வர மறுக்கும், நல்லெண்ணெய் உறையாது. சாதாரண எஞ்சின் எண்ணெயும் கடுங்குளிரில் கெட்டியாகிவிடும். செயற்கை எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். மிகுந்த வெப்பத்திலும் அது எளிதில் ஆவியாகாது, விரைவில் சிதையாது. மொபில் ஒன் என்னும் செயற்கை எண்ணெய் 1974-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பின்னர் கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனைக் கொண்டு பெரிதும் மாற்றியமைத்து, அதையும் செயற்கை எண்ணெய் என்று விற்றார்கள். இது முறையா என்று இரு பெரிய நிறுவனங்களுக்கிடையே வழக்கு எழுந்தது. அமெரிக்காவில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு 1999-இல் அதையும் செயற்கை என்று அழைக்கலாம் என்று முடிவு கூறியது. ஆகவே டப்பாவில் உள்ள அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து உள்ளே இருப்பது இன்னதென்று அறிய முடியாது.

சரி, விலைக்குத் தக்க பயன் உண்டா? இதற்கு நியூயார்க் நகரின் வாடகைக் கார்கள் ஒரு விடை சொல்லியிருக்கின்றன. "கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்" என்ற நுகர்வோர் இதழ் 75 வாடகைக் கார்களில், பாகங்கள் ஒவ்வொன்றையும் துல்லியமாக அளந்து புதுப்பித்த எஞ்சின்களைப் பொருத்தியது. வெவ்வேறு எண்ணெய்களை ஊற்றி, 6,000 மைலுக்கு ஒருமுறை மாற்றி, ஒவ்வொரு காரையும் 60,000 மைல் ஓடவிட்டது. மொத்தம் 45 இலட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 72 இலட்சம் கிலோமீட்டர். பிறகு எஞ்சின்களைப் பிரித்து மீண்டும் அளந்தார்கள். 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். விலை குறைந்த எண்ணெய், விலை உயர்ந்த எண்ணெய், செயற்கை எண்ணெய் ஆகியவற்றிற்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை!

எங்களுக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். டப்பாவின் விளம்பரத்தையோ ஒருவருடைய அபிப்பிராயத்தையோ நம்பாமல், பிரித்து அளந்து பார்த்தார்கள் அல்லவா? ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. வாடகைக் கார் நாள் முழுதும் ஓடுவதால் அதன் எஞ்சின் குளிரவே குளிராது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் நேரத்தில்தான் செயற்கை எண்ணெயின் சிறப்பு வெளிப்படும். மேலும் அது முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட எஞ்சின். இன்று பல கார்களில் உள்ள டர்போ எஞ்சின் எண்ணெயை மிக அதிகமாகச் சுடவைக்கிறது.

இதற்கு மாறாக, அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2017-இல் ஐந்து சாதாரண எண்ணெய்களையும் ஐந்து செயற்கை எண்ணெய்களையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. செயற்கை எண்ணெய்கள் சராசரியாக ஏறக்குறைய 50 விழுக்காடு மேலானவை என்று அறிவித்தது. முன்னதற்கும் இதற்கும் முரண்பாடு அல்லவா என்று தோழி ஒருத்தி கேட்டாள். முரண்பாடு இல்லை. கிணற்றில் வாளி இறைக்கத் தேங்காய் நார்க்கயிறும் போதும், இரும்புச் சங்கிலியும் உதவும். சோதித்துப் பார்த்தால் சங்கிலிதான் வலியது; ஆனால் வாளி நிறைய வரும் தண்ணீர் இரண்டிலும் ஒன்றே. ஆய்வுக்கூடம் கயிற்றின் வலிமையை அளந்தது. நியூயார்க்கின் சோதனை வாளித் தண்ணீரை அளந்தது. பாறாங்கல்லைத் தூக்க வேண்டியிருந்தால் மட்டுமே சங்கிலி தேவை.

இவ்வளவு செலவு செய்து 75 எஞ்சின்களை நாம் பிரிக்க முடியாது. அதனால் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஓர் எண்ணெயை ஊற்றி ஓட்டிச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். மறுமுறை வேறு எண்ணெய் ஊற்றி அனுப்புகிறார்கள். முதலில் இரும்பு 24, அடுத்து 18. "ஆகா, இரண்டாவதே சிறந்தது" என்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. இங்கே அது செல்லாது. இரண்டாம் முறை குறைந்த தூரம் ஓடியிருக்கலாம். இடையில் அரை லிட்டர் எண்ணெய் ஊற்றியிருந்தால் அளவு நீர்த்துப் போயிருக்கும். மழைக்காலமாக இருந்தால் தூசி குறைவு. ஓடிய தூரத்தால் வகுத்து, ஒரே எஞ்சினைப் பலமுறை தொடர்ந்து பார்த்தால்தான் பொருள் உண்டு. இன்னொன்று, இக்கருவி மிக நுண்ணிய துகள்களையே காணும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கூட அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். பேரிங் செதில் செதிலாகப் பெயர்ந்தால் அறிக்கை நன்றாகவே இருக்கக்கூடும். ஆகையால் இச்சோதனை எஞ்சினின் நோயைக் காட்ட வல்லதே தவிர, இரு எண்ணெய்களுக்கு மதிப்பெண் போடும் பரீட்சையன்று என்பது எங்கள் கருத்து.

தோழியின் தந்தையின் வாடகைக் காருக்காக ஒரு கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்றரை லிட்டர் என்றால் ஆண்டுக்கு 17.5 லிட்டர். கணக்கிற்காகச் சாதாரண எண்ணெய் லிட்டர் 400 ரூபாய், உயர்ரகம் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். முன்னதற்கு 7,000 ரூபாய். பின்னதற்கு 15,750 ரூபாய். வேறுபாடு 8,750 ரூபாய். அது ஒரு குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. உயர்ரகத்தை 15,000 கிலோமீட்டர் வரை ஓட்டலாமே என்று சொன்னால், அப்போதும் ஏறத்தாழ 10,500 ரூபாய் ஆகிறது. இரண்டும் சமமாக வேண்டுமானால் 22,500 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கார் செய்தவர்கள் சொன்ன தூரத்தைத் தாண்டினால் உத்தரவாதம் போய்விடும். அவருடைய கார் பழைய மாதிரி. கையேட்டில் குறித்துள்ள தரம் சாதாரண எண்ணெயிலேயே கிடைக்கிறது. அவருக்குச் சாதாரணமே போதும் என்று சொன்னோம். ஆனால் கையேடே 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயைக் கேட்டால் அங்கே வாதத்திற்கு இடமில்லை. அத்தகையவை செயற்கை வகையாகவே கிடைக்கின்றன. அதைத்தான் ஊற்ற வேண்டும்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் நல்ல காற்று வடிகட்டியும் எண்ணெய் வடிகட்டியும் வாங்கச் சொல்லுவோம். தூசியை உள்ளே விட்டுவிட்டு எந்த எண்ணெயை ஊற்றியும் பயனில்லை. முத்திரை உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்கி, ஊற்றிய பின் காலி டப்பாவைத் துளையிட்டுவிடவும் வேண்டும். இல்லையேல் அதில் போலி எண்ணெய் நிரம்பி மீண்டும் கடைக்கு வரும்.

காருக்குச் சோதனை அவ்வளவு அவசியம் இல்லை. ஒரு சோதனைக்கு ஆகும் பணத்தில் எண்ணெயையே மாற்றிவிடலாம். விசைப்படகின் கதை வேறு. அதன் எஞ்சின் பெரியது, எண்ணெய் அதிகம், நடுக்கடலில் நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு வர வழியில்லை. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் பெரும்பாலான படகுகளைப் பழுது பார்க்கிறார்கள். மார்ச் மாதத்திலேயே எண்ணெயைச் சோதித்துவிட்டால், சோடியம் ஏறியிருக்கிறதா, ஈயமும் செம்பும் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, குளிர்விப்பானைக் கழற்றுவதா பேரிங்கைப் பார்ப்பதா என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். மாதிரி எடுப்பவர் எஞ்சின் சூடாக இருக்கும்போதே, அடியில் தேங்கிய முதல் எண்ணெயையும் கடைசி எண்ணெயையும் விட்டு, நடுவில் ஓடுவதைச் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். காலி ஊறுகாய் பாட்டிலில் பிடித்தால் உப்பும் சேர்ந்து சோடியம் என்று பொய்யாகக் காட்டும்!

எடுத்த பிறகு மிஞ்சும் பழைய எண்ணெய் தோலுக்கும் கெடுதி, மண்ணுக்கும் நீருக்கும் கெடுதி. அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் விதிகள் அதை அபாயகரமான கழிவாகக் கருதுகின்றன. துறைமுகத்துத் தண்ணீரில் கொட்டாமல் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுத்தால், அவர்கள் நீரையும் கரியையும் உலோகத் துகள்களையும் நீக்கி மீண்டும் மசகு எண்ணெயாக்கிவிடுகிறார்கள். ஏனெனில் அழுக்கடைவதும் தீர்ந்துபோவதும் பெரும்பாலும் அதில் கலந்த சேர்மங்கள்தாம். அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.